நாதத்தைக் கடைந்தவர்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது ஒரு புலவரோ, பதிப்பாசிரியரோ, நாவலாசிரியரோ என்பதை நான் அறியாதவன் அல்லன். கடந்த பத்தாண்டுகளில் நம் மாதக் கூட்டங்களில் நாம் போற்றியவர்கள் எல்லாரும் எழுத்தால் வாழ்ந்தவர்களே. இந்த ஒரு முறை, ஒரு வரியும் எழுதாத ஒருவரைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். அவர் மரம் கடைபவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி என்பது அவர் பெயர். இசையுலகில் நன்கு அறியப்பட்ட பெயரே. ஆயினும் இலக்கிய மலர்களில் இடம்பெறும் பெயர் அன்று.

இந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது எந்தச் சபாவிலும் அன்று. நம் பெருங்களத்தூரில், இருப்புப்பாதையை ஒட்டியிருந்த ஒரு சிறு கடைசல் பட்டறையில். கட்டில் கால், தொட்டில் கம்பம், ஊஞ்சற் பலகைக்குக் குமிழ், சப்பாத்திக் குழவி ஆகியவற்றைக் கடைந்து தந்த முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். பட்டறை மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடு நிற்கிறது. பெரியவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டையைக் கடைசலில் ஏற்றுமுன் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிக் காதருகே பிடித்துக் கேட்பார். உள்ளே கீறல் இருந்தால் மரம் தானே சொல்லிவிடும் என்பது அவர் துணிபு. ஒரு நாள் நான் அதைக் கண்டு சிரித்தபோது, இப்படித் தட்டிக் கேட்பதையே ஒரு சாத்திரமாக ஆக்கியவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்றும், கடைசல் உளி பிடிப்பவன் அந்த ஊர்த் திசை நோக்கிக் கும்பிட வேண்டும் என்றும் சொன்னார். அன்று அது எனக்கு ஒரு தொழிலாளியின் மிகைப்பேச்சாகவே பட்டது.

நம் நிலையத்தைக் கடந்து தெற்கே செல்லும் அதே இருப்புப்பாதைதான் விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக அந்த ஊரையும் தொடுகிறது. மீட்டர் பாதை இருந்த காலத்தில் இரவு எழும்பூரில் ஏறினால் விடியலில் காவிரிப் படுகையின் வாய்க்கால்களைக் காணலாம். குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் இடையே நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிறு நிலையம். விரைவு வண்டியில் போகிறவர் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் அது கடந்துவிடும். அண்டை ஊர் திருவாவடுதுறை. இன்றைய கணக்கில் முன்னது தஞ்சாவூர் மாவட்டத்தையும் பின்னது மயிலாடுதுறை மாவட்டத்தையும் சேர்ந்தவை. இந்த இரண்டு ஊர்களின் அண்மையை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையில் சொல்லப்போவது அந்த அண்மையால் நிகழ்ந்தது.

கடைதல் என்ற சொல்லைத் தமிழர் இரண்டு செயல்களுக்கு வைத்தனர். ஆய்ச்சி மத்தில் கயிற்றைச் சுற்றி இருகையாலும் மாறி மாறி இழுத்துத் தயிரைக் கடைகிறாள். தச்சன் கட்டையில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுக்கச் செய்து மரத்தைக் கடைகிறான். ஒன்றில் வெண்ணெய் திரள்கிறது. மற்றதில் வடிவம் திரள்கிறது. பழைய கைக்கடைசலைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒற்றுமை தற்செயல் என்று தோன்றாது. கயிறு இழுப்பவர் ஒருவர். உளி பிடிப்பவர் ஒருவர். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது உளியை இம்மியளவு விலக்கிக்கொள்ள வேண்டும். விலக்கத் தவறினால் மரம் சிராய்த்துப் பாழாகும். மின்மோட்டார் வந்த பின் கட்டை ஒரே திசையில் ஓயாமல் சுழல்கிறது. வேலை விரைந்தது. இழுப்பவனும் வெட்டுபவனும் ஒரே மூச்சில் இயங்க வேண்டிய அந்தப் பயிற்சி மட்டும் போயிற்று.

அம்பாசமுத்திரத்தில் சிறுமியர் விளையாடும் சொப்புச் சாமான்களும், கன்னட நாட்டுச் சென்னப்பட்டணத்தில் அரக்குப் பூசிய பொம்மைகளும் இந்தக் கடைசலின் பிள்ளைகளே. அவற்றில் கண்ணுக்கு அழகாக இருந்தால் வேலை முடிந்தது. நரசிங்கம்பேட்டை ஆச்சாரிமார் கடைந்ததோ நாகசுரம். அங்கே கண்ணுக்கு அழகாக இருப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. வெளிப்புறம் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும், உள்ளே செல்லும் காற்று சரியான சுரத்தைச் சொல்லாவிட்டால் அது விறகுதான்.

(நாகசுரமா, நாதசுரமா என்ற வழக்கு நம் வட்டத்திலேயே ஒரு மாலைப்பொழுதைத் தின்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் நாகசுரம் என்றே எழுதுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் பொறுத்தருள்க.)

நாகசுரத்துக்கு உகந்த மரம் ஆச்சா. நம் நாட்டு மரங்களில் மிகக் கனமானவற்றுள் அது ஒன்று. நன்கு விளைந்த கட்டை நீரில் மிதக்காது. ஆனால் வெட்டிய மரத்தை உடனே எடுத்துக் கடைய இயலாது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். ஆகவே ஆச்சாரிமார் காட்டைத் தேடிப் போவதில்லை. இடிபடும் பழைய வீடுகளைத் தேடிப் போகிறார்கள். பல பத்தாண்டுகள் ஓட்டுக்கூரையைத் தாங்கி, கோடையையும் ஐப்பசி அடைமழையையும் மாறி மாறிக் கண்டு, இனி அசைவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையை அடைந்த உத்தரமும் தூணுமே அவர்களுக்கு வேண்டியவை. ஒரு தலைமுறையின் வீடு இன்னொரு தலைமுறையின் இசையாகிறது. தஞ்சைத் தரணியில் எத்தனையோ அக்கிரகாரங்களும் பண்ணை வீடுகளும் சரிந்த கதையை நாவல்களில் படித்து நாம் பெருமூச்சு விட்டிருக்கிறோம். அவற்றின் உத்தரங்கள் சில எங்கே போயின என்பதை நாவலாசிரியர்கள் எழுதவில்லை.

கட்டையைச் சதுரமாக அறுத்து, கணுவும் கீறலும் இல்லாததைத் தேர்ந்து, உருட்டி, பின் துளையிட வேண்டும். இதுவே உயிர்நிலை. நாகசுரத்தின் உட்குழல் நேர்க்குழல் அன்று. மேலே ஒடுங்கிக் கீழே விரியும் கூம்பு. அளவு வேறுபட்ட நீண்ட துரப்பு ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி அந்தக் கூம்பை உள்ளே உண்டாக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கை செய்கிற வேலை இது. ஊசி நூலளவு விலகினாலும் சுவர் ஒருபுறம் மெலிந்துவிடும். உலவு எனப்படும் இந்தக் குழலின் அடியில் அணசு என்னும் விரிந்த வாய் தனியே கடைந்து பொருத்தப்படும். உச்சியில் கெண்டை என்னும் உலோகக் குழாய். அதன்மேல் நாணலால் ஆன சீவாளி. சீவாளிக்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. ஆக, மரம் ஓர் ஊரில், நாக்கு அடுத்த ஊரில். குழலில் பன்னிரண்டு துளைகள்: ஏழு விரல்களுக்கு உரியவை, எஞ்சிய ஐந்து கீழ்ப்பகுதியில் சுருதியைச் சீர்செய்வதற்கு உரியவை. வாசிப்பவர் அவற்றில் மெழுகு இட்டு வேண்டியவாறு திருத்திக்கொள்வார். கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லிலேயே நாகசுரம் செய்து வைத்திருக்கிறார்கள். வியக்கத்தக்க வேலைதான். ஆனால் நாள்தோறும் தோளில் தூக்கி ஊர்வலம் வர மரமே வேண்டும்.

அந்த ஊர்வலத்தையே நோக்கமாகக் கொண்டு பிறந்தது பழைய நாகசுரம். திமிரி என்பர். குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது, ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் நான்கு, நான்கரை, ஐந்து என்று நிற்பது. நான்கு மாடவீதிகளிலும் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதை ஊர்க்கோடி வரை அறிவிக்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தேரடியில் ஊதினால் வயலில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்கள் அறிந்து பொறுத்துக்கொண்ட குறை. மத்திமம் அதில் நேராக நிற்காது. சுத்த மத்திமம் வேண்டும் என்று விரலை எடுத்தால், ஒலி சற்று ஏறிப் பிரதி மத்திமத்தின் பக்கம் சாயும். மூச்சைத் தளர்த்தி, உதட்டை இளக்கி, சுரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். வல்லவர்கள் அவ்வாறே பிடித்தார்கள். வல்லமை குறைந்தவர்களிடம் அது வழுக்கியது.

சங்கீதம் அறியாத அன்பர்களுக்கு ஒரு விளக்கம். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, முப்பத்தாறு, சுத்த மத்திமத்தைக் கொண்டவை. தோடி, சங்கராபரணம், கரகரப்பிரியா, அரிகாம்போதி எல்லாம் அந்தப் பாதியில் அடங்கும். கோயிலிலும் கலியாணத்திலும் ஓயாமல் ஒலிக்கும் பெரிய இராகங்களில் மிகப் பலவற்றுக்கு அந்த ஒரு சுரம் முதுகெலும்பு. கவிஞனுக்கு மகரம் மட்டும் எழுதவராத எழுதுகோல் கிடைத்தால் எப்படியிருக்கும்? ஏறத்தாழ அப்படி.

இந்த இடத்தில்தான் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நம் கதைக்குள் வருகிறார். 1898 ஆகஸ்டு 27 அன்று திருமருகலில் பிறந்தவர். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். ஆதீன வித்துவானாக விளங்கிய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அவரைச் சுவீகாரம் கொண்டார். திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டு, அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் என்று பயின்று, ஆதீன வித்துவானாகி, நாகசுரச் சக்கரவர்த்தி என்று நாடு அழைக்கும் நிலைக்கு உயர்ந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1940இல் வெளிவந்த காளமேகம் படத்தில் புலவர் காளமேகமாக நடித்ததும் அவரே. 1947 ஆகஸ்டு 14 மாலை, ஆதீனத்தின் செங்கோலோடு தில்லி சென்றவர்களுள் அவரும் இருந்தார். இவையெல்லாம் பல நூல்களில் உள்ளவை; விரிக்க வேண்டியதில்லை.

விரிக்க வேண்டியது அவர் நடத்திய ஒரு போராட்டம். அவருக்கு முன்பு நாகசுரக்காரர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையில் நின்றும் நடந்தும் வாசித்தவர். பாட்டுக்காரருக்கும் பிடில்காரருக்கும் கிட்டிய மேடை அவருக்கு இல்லை. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்து, சட்டையும் ஷெர்வானியும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நின்றவர் பிள்ளை. அதைச் செருக்கு என்றவர் உண்டு. அந்தச் செருக்கு ஒரு சமூகத்தின் நிமிர்வாக இருந்தது என்பதைக் காலம் காட்டிற்று.

மேடையில் அமர்ந்ததும் ஒரு புதிய தேவை முளைத்தது. வீதிக்கான கருவி அரங்குக்குள் கூசும். நான்கு சுவர்களுக்கு நடுவே, ஒலிபெருக்கியின் முன்னே, திமிரியின் கூர்மை காதைத் துளைக்கும். பாடகரைப் போல நான்கு மணி நேரம் இராகத்தை விரிக்க வேண்டுமானால் சுருதி இறங்க வேண்டும். ஒலி கனிய வேண்டும். ஒத்துக்குப் பதில் தம்பூராவை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு இசைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மத்திமம் நிற்க வேண்டும். தோடியை உலகறியச் செய்தவர் பிள்ளை. தோடியிலோ சுத்த மத்திமம் ஒரு முக்கிய நிலை. தம் மூச்சின் வலிமையாலேயே அதை நிறுத்தி வந்தவருக்கு, கருவியே நிறுத்தித் தரக்கூடாதா என்ற எண்ணம் வந்தது இயல்பே.

அவர் கேட்டது அடுத்த ஊரில் இருந்த ரங்கநாதன் ஆச்சாரியை.

கேட்பது எளிது. ஆச்சாரியின் முன் இருந்த சிக்கலைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சுருதி இறங்க வேண்டுமானால் குழல் நீள வேண்டும். குழல் நீண்டால் துளைகளும் அதே விகிதத்தில் விலகிப்போகும். விலகிய துளைகளை மனித விரல் எட்டாது. எட்டும்படி துளையை மேலே தூக்கி வைத்தால் சுரம் ஏறிவிடும். ஏறியதை இறக்கத் துளையைச் சிறிதாக்க வேண்டும். மிகச் சிறிதாக்கினால் ஒலி அடைத்துக்கொள்ளும். இதற்கிடையே உட்குழலின் கூம்பு மாறினால் கீழ்த்தாயிக்கும் மேல்தாயிக்கும் உள்ள உறவு கெடும். கீழே சரியாக நிற்கும் சுரம் மேலே பிசகும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். மத்திமத்துக்காக ஒரு துளையை நகர்த்தினால் காந்தாரமும் பஞ்சமும் தத்தம் நியாயத்தைக் கேட்டு வந்து நிற்கும்.

இன்று இதைக் கணிப்பொறியில் கணக்கிட ஆள் உண்டு. ஆச்சாரியிடம் இருந்தவை ஓர் அளவுகோல், சில துரப்பு ஊசிகள், ஓர் உளி, இரண்டு காதுகள். இவற்றோடு அண்டை ஊரில் வாழ்ந்த, பிழையை ஒரு கணமும் பொறுக்காத இன்னும் இரண்டு காதுகள். கடைந்து கொடுப்பதும், ஊதிப் பார்ப்பதும், இங்கே தட்டுகிறது என்று அறிந்து மீண்டும் கடைவதும் அந்த இரண்டு ஊர்களின் அண்மையால் கைகூடின. திருவாவடுதுறை சென்னையிலும் நரசிங்கம்பேட்டை அங்கேயுமாக இருந்திருப்பின் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. மரத்தில் ஒரு வசதியின்மை உண்டு: வெட்டியதை ஒட்ட முடியாது. துளை பெரிதானால் பெரிதானதுதான். எழுதுகிறவர் அடித்துவிட்டு மேலே எழுதுவார். ஆச்சாரிக்கு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு முழு ஆச்சாக் கட்டை, பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டை, விலையாகப் போகும்.

அவ்வாறு பிறந்ததுதான் பாரி நாகசுரம். ஏறத்தாழ இரண்டரை அடி நீளம். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. திமிரியை விட ஒலி தாழ்ந்தது, ஆழ்ந்தது, கனிந்தது. சுத்த மத்திமம் அதில் இழுத்துப் பிடிக்காமலே நிற்கிறது. மூச்சு முழுவதும் அந்த ஒரு சுரத்தைக் காவல் காப்பதில் செலவாகாமல் இராகத்துக்குக் கிடைத்தது. இதன் பயன் எத்தகையது என்பதை வாசிப்பவரே அறிவர். கேட்பவராகிய நாம் அறிந்தது, நாகசுரம் பாடத் தொடங்கிற்று என்பது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இராஜரத்தினம் பிள்ளையின் பெருமை எல்லாம் கருவியால் வந்தது என்று சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. குறையுள்ள குழலிலேயே நாட்டை மயக்கியவர் அவர். நான் சொல்வது வேறு. தமக்கு வேண்டியதை மூச்சால் சாதித்துக்கொள்ளும் வல்லமை பிள்ளைக்கு இருந்தது. பிள்ளை அல்லாத மற்றவர்களுக்கு அது எளிதன்று. ஆச்சாரியின் குழல் அவர்களுக்கும் வழி திறந்தது. மேதைக்காகச் செய்யப்பட்டது, மேதையல்லாத ஆயிரம் பேருக்குப் பயன்பட்டது.

பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மறைந்தார். அவர் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் அந்தக் கனிவை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்றார். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியின் நாகசுரமும் ஒன்றோடொன்று இழைந்த பாட்டைக் கேட்காத தமிழர் இரார். பெண் குரலோடு நாகசுரம் கைகோத்து நடக்கலாம் என்பதைத் திமிரிக் காலத்தில் யாரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று அடுத்து வந்த பெரியோர் கச்சேரி மேடையில் நாகசுரத்துக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தனர். இன்று கச்சேரிக்கு நாகசுரம் என்றால் பாரிதான். திமிரி அருகிவிட்டது. அதற்காக நான் சற்று வருந்துவதும் உண்டு. வீதிக்கு அதன் கூர்மை வேறு எதிலும் இல்லை. இருப்பினும் இது வேறு கட்டுரைக்கு உரிய வருத்தம்.

இசைத்தட்டின் மேல் வித்துவானின் பெயர் இருக்கும். இசைநிறுவனத்தின் பெயர் இருக்கும். தவில்காரர் பெயர்கூட இருக்கும். குழல் கடைந்தவர் பெயருக்கு அந்த வட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. இத்தாலியில் பிடில் கடைந்த ஸ்டிராடிவாரி 1737இல் இறந்தார். அவர் கைப்பட்ட பிடிலை வாசிக்கிறவர் யார் என்பதைவிட அது ஸ்டிராடிவாரியின் பிடில் என்பதையே மேல்நாட்டார் முதலில் சொல்வர். அவரோ முன்பே இருந்த ஒரு கருவியைச் செம்மையாக்கியவர். ரங்கநாதன் ஆச்சாரி ஒரு கருவியின் சுருதியையும் குணத்தையும், அது ஒலிக்கும் இடத்தையுமே மாற்றியவர். ஆயினும் நம்மவர் நாவில் பாரி என்ற பெயர் நிலைத்த அளவு அவர் பெயர் நிலைக்கவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டா. வாசிப்பவர்க்கு மேடை வேண்டும் என்று போராட ஓர் இராஜரத்தினம் பிள்ளை இருந்தார். போராடுவதற்கு அவரிடம் புகழ் என்ற ஆயுதமும் இருந்தது. பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் யாரிடம் என்ன கேட்பார்? கருவி நன்றாக ஒலித்தால் வித்துவானின் கைவண்ணம். ஒலிக்காவிட்டால் ஆச்சாரியின் குறை. இந்தக் கணக்கு நாகசுரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அச்சகத்தில் எழுத்துக் கோத்த நண்பர்களோடு பழகிய நம் வட்டத்தார் அறிவர்.

ரங்கநாதன் ஆச்சாரிக்குப் பின்னும் அந்தத் தொழில் அவ்வூரில் அவர் மரபினரிடமும் உறவினரிடமும் நிற்கிறது. விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்களே. அவர் கண்ட அளவுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. தாளில் எழுதிய வாய்பாடாக மட்டுமன்று, ஊசியின் பருமனாகவும் காதின் நினைவாகவும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த நினைவை மீட்பது அரிது. ஒரு குழலுக்குச் செல்லும் உழைப்பையும், நல்ல ஆச்சாவின் விலையையும், ஓர் ஆண்டில் விற்கும் குழல்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் வேறு வேலையை நாடுவதில் வியப்பில்லை. பழைய வீடுகளும் குறைந்து வருகின்றன. காங்கிரீட்டு வீட்டை இடித்தால் உத்தரம் கிடைக்காது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறு எங்கோ கடைந்ததை அவ்வூர்ப் பெயரில் விற்பதை அது தடுக்கும், நல்லதே. ஊரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதைப் பெயரெடுக்கச் செய்தவர் பெயரையும் நம் மலரில் ஒரு முறை அச்சேற்றுவோம் என்பதே என் அவா.

சென்ற தை மாதத்தில் நம் பெருங்களத்தூரில், பெருஞ்சாலையை ஒட்டிய மண்டபம் ஒன்றில், நண்பர் மகளின் திருமணம். வெளியே லாரிகளின் இரைச்சல். உள்ளே விருந்தினரின் இரைச்சல். மூலையில் ஒரு சிறு மேடையில் நாகசுரக்காரர் இருவர், தவில்காரர் இருவர். யாரும் கவனிக்கவில்லை. மூத்தவர் தோடியைத் தொட்டார். பெரிய வித்துவான் அல்லர். மண்டபத்துக்கு மண்டபம் போய் வாசிப்பவர். ஆனால் அந்த மத்திமம் நேராக நின்றது, அசையாமல் நின்றது. எனக்கு மரம் தட்டிய அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். இடைவேளையில் அருகே போய் இந்தக் குழல் எந்த ஊரில் கடைந்தது என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்; அவர் முகம் மலர்ந்தது. தந்தையார் நரசிங்கம்பேட்டையில் வாங்கியது என்றும், தமக்கு வயது அறுபது, குழலுக்குத் தம்மைவிட வயது கூடுதல் என்றும் சொன்னார். யார் கடைந்தது என்று தெரியுமா என்றேன். ரங்கநாதன் ஆச்சாரி பெயரை அவர் சொல்லும்போது, கையிலிருந்த குழலை இன்னொரு கைக்கு மாற்றி, மேல்துண்டால் ஒரு முறை துடைத்தார். அதற்குள் ஐயர் கை காட்டிவிட்டார். கெட்டிமேளம் முழங்கிற்று.